ஸ்பனரை எடுக்க முதல்: திருகோணமலையில் புதிதாக வீடும் வாகனமும் பார்த்துக்கொள்பவர்களுக்கு

வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து, உப்புவெளியிலோ லிங்கநகரிலோ வாடகைக்கு வீடெடுத்து, ஒரு பழைய ஸ்கூட்டரும் வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வேலைகளை நாமே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கராஜிலும் ஹார்ட்வெயார் கடையிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள் சில இருக்கின்றன. கேட்கும்போது சிரிப்பு வரும். செய்தவருக்கோ வெட்கத்தோடு பெரிய செலவும் வரும். அநேகமாக எல்லாத் தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: திறப்பது எதை என்று தெரியாமலே திறந்துவிடுவது.

1. கழற்ற முதல் படம் எடுங்கள்

எதைக் கழற்றினாலும் தொலைபேசியில் மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, வயர் அல்லது பைப் வந்து சேருகிற இடத்தில் ஒன்று. கழற்றிய நட்டு, வாசர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வந்த வரிசையில் ஒரு பழைய துணியில் அடுக்குங்கள். மண் நிலத்தில் வைக்க வேண்டாம். இங்கே முற்றம் பெரும்பாலும் மணல், விழுந்த வாசர் திரும்பக் கிடைக்காது.

சனிக்கிழமை பின்னேரம் பைப்பை வெட்டவோ மோட்டரைத் திறக்கவோ தொடங்காதீர்கள். சாமான் போதாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற கடை குறைவு. வெள்ளி மதியத்தில் தொழுகை நேரத்துக்குப் பல கடைகள் மூடியிருக்கும். கிழமை நாளில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலைக்கு மட்டும்தான் இரண்டாம் முறை கடைக்குப் போய்வர நேரம் இருக்கும்.

2. ஒயில் மாற்றும்போது எந்த நட்டு என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

ஸ்கூட்டருக்கு இரண்டு ஒயில். ஒன்று எஞ்சின் ஒயில். மற்றது பின்சக்கரத்தோடு ஒட்டியிருக்கிற பெட்டிக்குள் இருக்கும் கியர் ஒயில். இரண்டுக்கும் அடியில் தனித்தனி வடிநட்டு உண்டு. புதிதாகச் செய்பவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டைக் கழற்றுவார். கொஞ்சம் ஒயில்தான் வடியும். "எஞ்சினில் ஒயிலே இல்லை" என்று பயந்து, மேலே முழுப் போத்தலையும் ஊற்றுவார். இப்போது கியர் பெட்டி வெறுமை, எஞ்சினில் இரண்டு மடங்கு ஒயில். ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கிளம்பும், எயார் ஃபில்டர் ஒயிலில் நனையும். அப்படியே ஓட்டினால் கியர் பெட்டிக்குள் பேரிங் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும்.

அளவுதான் அடையாளம். 110 சிசி ஸ்கூட்டரில் எஞ்சின் ஒயில் சுமார் 700 மில்லிலீற்றர் வடிய வேண்டும். கியர் ஒயில் 100 முதல் 120 மில்லிலீற்றர்தான். ஆகவே வடிகிற ஒயிலை ஒரு வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட வடியவில்லையென்றால் நீங்கள் திறந்தது கியர் பெட்டி. புது ஒயிலைத் தொடாமல் நிறுத்துங்கள்.

காரிலும் இதே கதைதான். ஓட்டோ கியர் கார்களில் எஞ்சினுக்கு ஒரு வடிநட்டு, கியர் பெட்டிக்கு ஒரு வடிநட்டு. கறுத்த ஒயில் வந்தால் எஞ்சின். சிவப்பாகவோ பச்சையாகவோ தெளிவாக வந்தால் கியர் பெட்டி. உடனே நட்டைப் பூட்டுங்கள். வடிந்தது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, வாகனத்தை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மற்றப் பொறிகள்:

ஒயில் ஃபில்டரின் பழைய இறப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்றாகிவிடும். முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியாது. அழுத்தம் ஏறியதும் முழு ஒயிலும் வீதியில் போய்விடும். பழைய ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சினில் விரலால் தடவித் தேடுங்கள்.

கிளட்ச் உள்ள பைக்குக்குக் கார் ஒயில் ஊற்றாதீர்கள். பைக்கின் கிளட்ச் அதே ஒயிலில்தான் தோய்ந்திருக்கிறது. கார் ஒயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் அலறும், பைக் நகராது. போத்தலில் "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்று இருக்க வேண்டும். கிளட்ச் லீவர் இல்லாத ஸ்கூட்டருக்கு "எம்பி". கார் ஒயில் மலிவு என்று மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், கிளட்ச் தட்டு செட்டுக்கும் கூலிக்கும் பல ஆயிரம் போகும்.

வடிநட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், நட்டு இரும்பு. கையால் முழுக்க முறுக்கிய பிறகு சின்ன ஸ்பனரால் ஒரு இறுக்கு போதும். வாசரைப் புதிதாகப் போடுங்கள். மரை கழன்றால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒயில் மட்டம் பார்க்கும்போது பைக்கை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் சரித்துவிட்டுப் பார்த்து, குறைவு என்று மேலும் ஊற்றுபவர் நிறையப் பேர்.

3. பெற்றோல் செட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்

"ஃபுல் டாங்க்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பெற்றோல் 92" அல்லது "ஓட்டோ டீசல்" என்று சொல்லி, பம்பில் எழுதியிருப்பதையும் பாருங்கள். இரவல் வாகனம் என்றால் மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருக்கும்.

மாறி அடித்துவிட்டால் சாவியைத் திருப்ப வேண்டாம். இப்போதைய கார்களில் சாவியை ஒன் பண்ணியவுடனேயே பம்ப் வேலை செய்து பிழையான எண்ணெயை எஞ்சின் வரைக்கும் தள்ளிவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரம் கட்டுங்கள். அந்த நேரத்தில் தாங்கியை மட்டும் வடித்தால் போதும். ஓட்டிப் பார்த்துவிட்டால் பைப், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று வேலை நீளும். டீசல் வாகனத்துக்குப் பெற்றோல் போவதுதான் இன்னும் மோசம். டீசல் பம்புக்கு வழுவழுப்பைத் தருவதே டீசல்தான், பெற்றோல் அதைக் கழுவிவிடும். கார்பரேட்டர் உள்ள பைக்குக்கு டீசல் போனால் பயம் குறைவு. தாங்கிக்கு அடியில் எண்ணெயைத் திறந்து மூடும் கொக்கை மூடி, தாங்கியைக் காலியாக்கி, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்து, பிளக்கைத் துடைத்தால் சரி.

பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோவுக்குப் பெற்றோலோடு 2டி ஒயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டோவுக்குக் கலக்கவே கூடாது. ஓட்டோ வாங்கும் நாளிலேயே உரிமையாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

4. பிரேக், ரேடியேட்டர், பட்டரி

பொனட்டைத் திறந்தால் நாலைந்து மூடிகள். கண்ணாடி கழுவும் சவர்க்காரத் தண்ணீரைப் பிரேக் தாங்கியில் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள், பிரேக் ஒயிலுக்குப் பதில் எஞ்சின் ஒயில் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். பிரேக் தாங்கியின் மூடியில் "டொட் 3" அல்லது "டொட் 4" என்று இருக்கும், அதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. எஞ்சின் ஒயில் ஒரு கரண்டி போனாலும் உள்ளே இருக்கும் இறப்பர் எல்லாம் ஊதி வீங்கும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை சீல் மாற்ற வேண்டும். பெடலை மிதித்துப் பார்க்காமல், ஓட்டாமல், இருந்த இடத்திலேயே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நல்ல பிரேக் ஒயில் பெயின்ற்றில் சிந்தினாலும் பெயின்ற் உரியும். உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, மேல் ஹோஸைக் கையால் தயக்கமில்லாமல் பிடிக்க முடிகிற வரை பொறுங்கள். கந்தளாய் வீதியில் வெயிலோடு வந்து நிறுத்திய காருக்கு அது அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டாம். கரையோரக் கிணறுகளில் உவர் அதிகம், உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியும். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். பட்டரியில் மட்டம் குறைந்தாலும் அதே வடித்த தண்ணீர்தான், அசிட் அல்ல.

பட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியாக நெகட்டிவ். பொசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பனர் வாகனத்தின் இரும்பு உடம்பில் முட்டித் தீப்பொறி பறக்கும். மாறிப் பூட்டினால் ஃபியூஸோடு அல்டர்னேட்டரும் போகலாம்.

5. சக்கரமும் செயினும்

டயர் மாற்ற: ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டுகளைச் சக்கரம் நிலத்தில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்துங்கள். பிறகுதான் ஜாக்கி. தூக்கிவிட்டு நட்டைத் திருப்பினால் சக்கரம்தான் சுழலும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் மணலில் ஜாக்கி அடித்தால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் பின்னால் போட்டு வையுங்கள். நட்டின் சரிந்த பக்கம் ரிம்மைப் பார்க்க வேண்டும். எதிரெதிராக இறுக்குங்கள்.

பைக் செயினை இறுக்கும்போது இரண்டு பக்க அடையாளக் கோடும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். பொதுவாக நடுவில் 25 முதல் 30 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கட்டும். சரியான அளவு பைக்கின் கையேட்டில் உண்டு. கம்பிபோல விறைத்த செயின் பேரிங்கைத் தின்னும். இங்கே பலர் மறப்பது ஒன்று: சக்கரம் பின்னே நகர்ந்தால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும், பிரேக் உரசியபடியே ஓடும். செயினுக்குப் பிறகு பிரேக் நட்டையும் சரிபார்த்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் வாய் பிளந்த பக்கம் பின்னுக்கும், மூடிய பக்கம் செயின் ஓடும் திசைக்கும் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஏதாவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்று பறக்கும்.

உப்புக் காற்றுக்குப் பயந்து டிஸ்க்கிலும் பிரேக் பட்டையிலும் டபிள்யூடி-40 அடிக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், பிரேக் பிடிக்காது, பட்டையை வீசத்தான் வேண்டும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு செயினுக்கு ஒயில் போடுங்கள். டயருக்குப் பளபளப்பு பூசுவதென்றால் பக்கவாட்டில் மட்டும். ஆயுத பூசைக்குக் கழுவும்போது சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள், எயார் ஃபில்டர் பக்கம் ஹோஸைக் காட்டாதீர்கள். பூசை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற ஸ்டார்ட் பண்ணினால் வண்டி அசையாமல் நிற்பது தண்ணீர் உள்ளே போனதால்தான். அடைத்த துணியை எடுக்கவும் மறக்க வேண்டாம்.

6. கரண்ட்

வீட்டில் வெளிச்சம் போனதும் மின்சார சபையின் 1987க்கு எடுக்க முதல் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே லைட் எரிந்தால் உங்கள் ட்ரிப் சுவிட்ச்தான் விழுந்திருக்கும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ட்ரிப்பை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. வாடைக்காற்று மழையில் வெளி லைட்டும் தண்ணீர் மோட்டரும்தான் முதல் சந்தேகம். ட்ரிப்பைக் கையால் பிடித்து வைக்கவோ, அதைத் தாண்டி வயர் கொடுக்கவோ கூடாது. உயிரைக் காக்கிற சாமான் அது ஒன்றுதான். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் மாற்றுங்கள்.

மீற்றரும் அதன் சீலும் சபையுடையது, தொடாதீர்கள். அதற்குப் பிறகு வருவது வீட்டுக்காரருடைய பொறுப்பு. 1987க்கு எடுக்கும்போது கணக்கு இலக்கம் கேட்பார்கள், பில்லைப் படம் எடுத்து வையுங்கள்.

பழைய வயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியதில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். பகுதி பகுதியாகக் கட்டிய வீடுகளில் இரண்டு முறையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்டரால் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினை அணையுங்கள்.

சீலிங் ஃபேன் முனகுகிறது ஆனால் சுழலவில்லை, கையால் தட்டிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கபாசிட்டர். சில நூறு ரூபாய்ச் சாமான், முழு ஃபேனை வாங்க ஓடாதீர்கள். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபரட் எண்ணையே வாங்குங்கள். 2.5 என்றால் 2.5. வயரைப் படம் எடுக்காமல் கழற்றி மாறிப் பூட்டினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்று மேலே போகும். கீழே இருப்பவருக்கு வேர்க்கும்.

சுவரில் துளை போடும்போது சுவிட்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர்மேலும் நேர்கீழும் வயர் ஓடும் பாதை, தண்ணீர் திறக்கும் பைப்புக்கு நேர்மேல் தண்ணீர் ஓடும் பாதை. ஒரு சாண் தள்ளித் துளையுங்கள்.

7. தண்ணீர் மோட்டரும் பைப்பும்

கச்சான் காற்றுக் காலத்தின் கடைசியில், ஆவணி, புரட்டாதியில், கிணற்று மட்டம் இறங்கும். மோட்டர் ஓடும் சத்தம் கேட்கிறது, தாங்கிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே அணையுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் உள்ளே சீல் கருகும். முதலில் புட் வால்வ், அதாவது கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் நுனியில் இருக்கும் வால்வ், தண்ணீருக்குள் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால், மோட்டரின் மேலுள்ள திருகைத் திறந்து, காற்றுக் குமிழி நிற்கும் வரை தண்ணீர் ஊற்றி மூடிப் போடுங்கள். அடுத்த நாளும் அதே கதை என்றால் புட் வால்வ் கசிகிறது, மோட்டரில் பிழையில்லை.

சில மாதம் பூட்டியிருந்த வீட்டில் மோட்டர் முனகி நின்றால் துருப்பிடித்து இறுகியிருக்கும். அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்பக்க ஃபேன் மூடியைத் திறந்தால் தண்டின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்குரூ டிரைவரை வைத்து நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பாதி மோட்டர்கள் இதோடு ஓடும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் மட்டும் திறக்காதீர்கள், கடைக்காரர் கையை விரிப்பார்.

பைப் வாங்கும்போது அளவுநாடாவால் வெளிவிட்டத்தை அளந்து, 25 மில்லிமீற்றர், அதாவது ஒரு இஞ்சி என்று கேட்டு வாங்கிவருவார்கள். கடையில் அது முக்கால் இஞ்சிப் பைப். 20 மில்லிமீற்றர்தான் அரை இஞ்சி, 32 மில்லிமீற்றர்தான் ஒரு இஞ்சி. வெட்டிய துண்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வெளிமரை வேண்டுமென்றால் வால்வ் சொக்கட், உள்மரை வேண்டுமென்றால் ஃபோசெட் சொக்கட் என்று கேளுங்கள்.

ஒட்ட முதல் எல்லாவற்றையும் பசையில்லாமல் பூட்டிப் பார்த்து, பென்சிலால் கோடு போடுங்கள். பசை பிடிக்கச் சில விநாடிதான், எல்போ வானத்தைப் பார்த்து ஒட்டினால் வெட்டி வீசுவதுதான் வழி. ஈரமிருந்தால் ஒட்டாது. இரவு ஒட்டி, காலையில் தண்ணீர் திறவுங்கள். திரெட் டேப்பை மரை ஏறும் திசையில் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வரும். குழாய்த் தண்ணீர் மீற்றருக்கு முன்னால் கசிந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம், நீர் வழங்கல் சபையின் 1939க்குச் சொல்லுங்கள்.

மலசலகூடம் கழுவும் அசிட்டையும் குளோரின் வெளுப்பானையும் ஒருநாளும் சேர்த்து ஊற்றாதீர்கள். வரும் வாயு மூச்சை அடைக்கும்.

8. பெயின்ற்றும் கூரையும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆசைப்படாதவர் யார்? ஆனால் இங்கே கார்த்திகை, மார்கழியில்தான் மழை கொட்டும். தைக்குள் சுவர் காயாது. அடித்த பெயின்ற் மாசிக்குள் கொப்புளித்து உரியும். ஒரு அடி பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓரிரவு விடுங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் ஈரம். சித்திரைப் புத்தாண்டை இலக்காக வைத்துப் பங்குனியில் அடியுங்கள். உப்புப் பூத்த இடத்தைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள், உவர்த் தண்ணீரால் கழுவினால் மேலும் பூக்கும். எனாமலுக்கு டர்பன்டைன், எமல்ஷனுக்குத் தண்ணீர். மாற்றினால் தயிர்போலத் திரளும்.

பீலியை ஒக்டோபர் தொடக்கத்திலேயே துப்புரவாக்குங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையில் நடுத்தகட்டை மிதித்தால் அப்படியே கீழே வீட்டுக்குள்தான் இறங்க வேண்டிவரும். ஆணி வரிசை இருக்கும் இடத்தில்தான் கீழே மரம் இருக்கிறது, அங்கேயும் பலகை போட்டுத்தான் கால் வைக்க வேண்டும். காய்ந்த தகட்டைத் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

9. பத்திரங்கள்

வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் பழைய பத்திரமும் வேண்டும். பிரதேச செயலகத்திலோ இணையத்திலோ எடுக்கலாம். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், பிந்தினால் தண்டப்பணம். ஒயில், எயார் ஃபில்டர், பிளக் சேர்விஸ் எல்லாம் முடித்து, சில கிலோமீற்றர் ஓடி எஞ்சின் சூடான பிறகே புகைப் பரிசோதனைக்குப் போங்கள். அடைத்த ஃபில்டரோடு போய்த் தோற்று, பிறகு சேர்விஸ் செய்து, மறுபடி காசு கட்டுபவர்கள் அதிகம்.

பைக்குக்கு வேறு நிறம் அடிக்க நினைத்தால் முதலில் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். நிறம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாமல் ஓடினால் சோதனையில் மாட்டுவீர்கள்.

வாடகை வீட்டுக்குள் போகும் நாளிலேயே வெடிப்பு, கசிவு, உடைந்த சுவிட்ச் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மோட்டர், பட்டரி வாங்கினால் உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

10. தவறு நடந்துவிட்டால்

மெக்கானிக்கிடமோ எலக்ட்ரீசியனிடமோ "தானாகவே நின்றுவிட்டது" என்று சொல்லாதீர்கள். வெட்கத்தில் மறைத்தால் அவர் பிழையைத் தேடுகிற நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கட்டுவீர்கள். அதைவிட, டீசல் போன காரை அவர் அறியாமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். நாலு விடயத்தைச் சொல்லுங்கள்: எதைத் திறந்தேன், எதை ஊற்றினேன், எவ்வளவு ஊற்றினேன், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினேன். ஊற்றிய போத்தலையும் கழற்றிய சாமானையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வேலை தொடங்க முதல் சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.